அடுப்புக்குள் வந்த கண்மாய்

அடுப்புக் குழிச் சுவரின் செங்கல் இடுக்கில் முதலில் ஒரு சொட்டுத்தான் தெரிந்தது. எங்கள் கடை ஆரோக்கியம் மாஸ்டர் டார்ச் லைட்டை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். இன்னொரு சொட்டு வந்தது. அதற்குப் பின்னாலேயே மெல்லிய கோடாக இறங்கித் தரையில் பரவ ஆரம்பித்தது. நல்ல பச்சை. கேக்கின்மேல் நாங்கள் இலை வரைவோமே, அந்தப் பச்சை.

"மேடம்! பச்சை! வந்துருச்சு மேடம்!" என்று கத்தினார் என் கணவர்.

சொந்தக் கடைக்குள் தண்ணீர் வருவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற பேரூராட்சி ஓவர்சியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓவர்சியர் கையைக் கொடுத்துவிட்டுத் தன் மேலதிகாரியைப் பார்த்தார்.

மேலதிகாரி என்றால் பேரூராட்சியின் செயல் அலுவலர். ஊர் வழக்கில் இ.ஓ. மேடம். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

அவர் என்ன சொன்னார் என்பதைச் சொல்லுவதற்கு முன்னால், அடுப்புக் குழியில் எதற்காகப் பச்சைத் தண்ணீரை எதிர்பார்த்து நின்றோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் எங்களுக்குப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள்.

துடுப்பு

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு எங்கள் பேக்கரி பழக்கமானதுதான். இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமயம் பஸ்கள் நின்று போகிற ஒரு சின்ன ஊரில் எங்களுக்கு ஒரு விறகடுப்பு பேக்கரி. பன், ரொட்டி, ரஸ்க், வர்க்கி, பிஸ்கட், கேக். மாமனார் ஆரம்பித்தது. அவருக்குப் பிறகு நானும் என் கணவரும் நடத்துகிறோம். ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் ஓவர்சியர் என்னோடு பேச மாட்டார்.

ரொட்டி அடுப்பு ஒரு சின்ன அறை அளவுக்கு இருக்கும். உள்ளே விறகை எரித்து, தணலை ஒதுக்கிவிட்டு, சூடேறிய தரையின்மேல் தட்டுகளைத் தள்ளுவார்கள். அடுப்பின் வாய் தாழ்வாக இருப்பதால் அதற்கு முன்னால் இடுப்பளவு குழி வெட்டி, அதில் இறங்கி நின்றுதான் வேலை. கையில் ஆளைவிட நீளமான மரத் துடுப்பு.

கல்யாணமாகி வந்த புதிதில் அந்தத் துடுப்பைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நான் கடலோரத்து மணமேல்குடிக்காரி. எங்கள் வாப்பாவுக்குப் படகு உண்டு. தண்ணீரே கண்ணில் படாத ஊரில், புது மாப்பிள்ளை ஒரு குழிக்குள் நின்று துடுப்புப் போடுகிறாரே என்று இருந்தது. மாமியார் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு வருஷத்துக்குச் சொன்னார்.

அந்த அடுப்பின் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. கீழே மணல். அதன்மேல் உடைத்த கண்ணாடி. அதன்மேல் கல் உப்பு, மூட்டை மூட்டையாக. அதற்கும் மேல்தான் செங்கல் ஓடு. உப்பும் கண்ணாடியும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விடியக் காலையில் மூட்டிய சூடு சாயங்காலம் வரை இறங்காது. நல்ல ரொட்டியின் ரகசியம் அந்த உப்பில்தான் இருக்கிறது. உப்புக்கு எது ஆகாது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வேலை முடிந்த பிறகும் அடுப்பில் மிச்சச் சூடு இருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு இறங்குசூடு என்று பெயர். பண்டிகைக் காலத்தில் அந்தச் சூடு ஊருக்குச் சொந்தம். தீபாவளி, பெருநாள், கிறிஸ்துமஸ் என்றால் பெண்கள் வீட்டிலேயே மாவு பிசைந்து தட்டில் அடுக்கிக் கொண்டுவந்துவிடுவார்கள். நாங்கள் வைத்து எடுத்துக் கொடுப்போம். அதற்குக் காசு வாங்குவதில்லை. எப்படியும் ஆறிப் போகிற சூடுதானே என்பார் மாமனார். ஒரு தீபாவளிக்கு ஒரு வீட்டு நெய் பிஸ்கட்டும் இன்னொரு வீட்டு டால்டா பிஸ்கட்டும் தட்டு மாறிப் போய், இரண்டு தெருவுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அதில் டால்டா வீட்டார்தான் அதிகம் கோபித்துக்கொண்டார்கள். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மைதா அணை

முதல் தடவை கடைக்குள் தண்ணீர் வந்தபோது, என்றைக்கோ ஒரு நாள் பெய்கிற பேய்மழை என்று விட்டுவிட்டோம். மறு வருஷம் ஐப்பசியில் மறுபடியும் வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தபோது, அது விருந்தாளி இல்லை, குடியிருக்க வருகிறது என்று புரிந்தது.

தண்ணீர் வடிந்துவிடும். கஷ்டம் அதற்கப்புறம்தான். உப்பு கரைந்து, அடுப்பின் தரை உட்கார்ந்து, ஓடுகள் கோணலாகிவிடும். எல்லாவற்றையும் பெயர்த்து, ஈரத்தை வழித்து, புது உப்புப் போட்டு, புதுத் தரை பாவ வேண்டும். உடனே நெருப்பு மூட்டினால் வெடித்துவிடும். முதல் நாள் கொஞ்சம் சுள்ளி, மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று, பால்குடி மறந்த பிள்ளைக்குச் சோறு பழக்குகிற மாதிரி பழக்க வேண்டும். அதுவரை ஊரில் ரொட்டி கிடையாது. டீக்கடைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல ஒன்றும் பேசாமல் போவார்கள்.

மூன்றாவது வருஷம் நாங்கள் முந்திக்கொள்ளப் பார்த்தோம். தெருவில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்ததும் மணல் மூட்டைக்கு ஆள் அனுப்பினோம். ஆளையும் காணோம், மணலையும் காணோம். மாவு பிசைகிற ஆரோக்கியம் மாஸ்டர் கொஞ்சம் அவசரக்காரர்.

"அக்கா, மூட்டைன்னா மூட்டைதானே? மணலா இருந்தா என்ன, மாவா இருந்தா என்ன?" என்று சொல்லிக்கொண்டே மைதா மூட்டைகளை இழுத்து வாசல் கதவோரம் அடுக்கிவிட்டார். அப்போது எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

மைதா நனைந்தால் என்ன ஆகும் என்று சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும். மூட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கதவோடு ஒட்டி, தரையோடும் ஒட்டிக்கொண்டன. வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. நாங்கள் பெருமையாகத் திரும்பிப் பார்த்தால், பின்னால் அடுப்புக் குழி நிறைந்து தரையில் வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் உள்ளேயிருந்தே ஊறி வருகிறது. வெளியே போகவும் வழி இல்லை. கதவைத்தான் நாங்களே பசை போட்டு ஒட்டியாயிற்று.

அன்றைக்குப் பின்பக்கச் சுவரேறி வந்து எங்களை மீட்டவர்கள் பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்கள். கம்பியால் மைதாவை நெம்பிக் கதவைத் திறந்து, மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டார்கள். மறுநாள் தெருப் பெண்கள் துடைப்பமும் வாளியுமாக வந்துவிட்டார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. சண்டை போட்டுக்கொண்ட இரண்டு தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். சேறு அள்ளுகிறபோதும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரே கூடையைத்தான் இரண்டு பக்கமும் பிடித்தார்கள். நினைத்தால் இப்போதும் கண் நிறைகிறது.

அடுப்பைச் சரிசெய்ய வந்த கொத்தனார் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, வெளியே வந்து பீடியைக்கூடப் பற்ற வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், இன்னொரு தடவ தண்ணி நின்னுச்சுன்னா என்னையக் கூப்பிடாதீங்க. மேல வளைவு உள்ள விழுந்துரும். அப்புறம் கட்டுறதுக்கு ஒண்ணுமில்ல, அள்ளுறதுக்குத்தான் ஆளு வேணும்."

அடுத்த மழைக்குள் தண்ணீரை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கடை இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

யாருடைய தண்ணீர்

ஊருக்கு மேற்கே கண்மாய். அது நிறைந்தால் மிஞ்சிய தண்ணீர் கலிங்கு வழியாக வாய்க்காலில் இறங்கி, எங்கள் தெருவுக்குப் பின்னால் வந்து, பஸ் ரோட்டுக்கு அடியில் உள்ள சின்னப் பாலத்தின் வழியாகக் கிழக்கே போக வேண்டும். பாலத்தின் இந்தப் பக்கம் வருகிற தண்ணீர் அந்தப் பக்கம் முழுசாகப் போய்ச் சேரவில்லை. நடுவில் எங்கேயோ தங்கி, எங்கள் தெருவில் ஏறிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

ஆனால் கண்மாய் ஒரு துறைக்குச் சொந்தம், பாலம் இன்னொரு துறைக்குச் சொந்தம், தெரு பேரூராட்சிக்குச் சொந்தம். மனுவை எடுத்துக்கொண்டு என் கணவர் இரண்டாவது வருஷத்திலிருந்தே அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்தார். ஒவ்வோர் இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். உட்காரச் சொன்னார்கள். பிறகு, இது எங்களுது இல்லை என்றார்கள். என் கணவர் வீட்டுக்கு வந்து சொன்னார்: "தண்ணி மட்டும்தான் நம்மளுது போலருக்கு. அதுக்குத்தான் யாரும் போட்டிக்கு வரல."

மூன்றாவது தடவை தண்ணீர் வடிந்த சமயத்தில்தான் இந்த இ.ஓ. மேடம் மாறுதலில் வந்தார். நாமக்கல் பக்கத்துக்காரர். வயது என் தங்கையைவிடக் குறைவு. நாங்கள் போன அன்றைக்கு மனுவை வாங்கிப் படித்துவிட்டு, மேஜையில் வைக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க, போய்ப் பார்க்கலாம்" என்றார்.

எங்களுக்கு அது சட்டென்று விளங்கவில்லை. எங்கே என்று கேட்டேன். "உங்க கடைக்குத்தான்" என்றார். இவ்வளவு நாள் அலைந்ததில் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டோம். அவர் அதற்குமேல் ஒன்றுமே செய்யாமல் போயிருந்தால்கூட நான் அவரை மறந்திருக்க மாட்டேன்.

ஒரு டின் பச்சை

பாலத்துக்குள் மண் அடைத்திருக்கிறது என்பது ஓவர்சியரின் கட்சி. போன வருஷம்தானே ஆள்விட்டு வாரினீர்கள், பிறகெப்படி அடைக்கும் என்பது எங்கள் கட்சி. உள்ளே போய்ப் பார்க்க முடியாத இருட்டு. இதைப் பற்றிக் கடையில் நின்று விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, என் கணவரின் பார்வை அலமாரியில் இருந்த கலர் டின்கள்மேல் போனது. கேக்குக்குப் போடுகிற கலர். வேறு தொழில் பார்க்கிற யாருக்கும் அது தோன்றியிருக்காது.

"மேடம், மேல வாய்க்கால்ல கொஞ்சம் கலரைக் கொட்டுவோம். தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னு கண்ணாலயே பாத்துரலாம்ல?"

ஓவர்சியர் சிரித்தார். மேடம் சிரிக்காமல், "சாப்பிடுற கலர்தானே?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வருஷக் கார்த்திகை மழை விட்டு, கலிங்குத் தண்ணீர் தெளிந்து ஓடிக்கொண்டிருந்த ஒரு காலை நேரம். பாலத்தின் அந்தப் பக்கம் ஓர் ஆளை நிறுத்தினோம். அடுப்புக் குழியைத் துடைத்துக் காயவைத்து வைத்திருந்தோம். மேலே வாய்க்காலில் கலரைக் கொட்டும் பொறுப்பு ஆரோக்கியம் மாஸ்டருக்கு. ஒரு கரண்டி போதும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். கேக்குக்கே கரண்டி, வாய்க்காலுக்கு எப்படிக் கரண்டி காணும் என்று அவராக முடிவு செய்து முழு டின்னையும் கவிழ்த்துவிட்டு, பச்சை வருவதைப் பார்க்கக் கடைக்கு ஓடி வந்துவிட்டார்.

ஊரில் அன்று நடந்த அமளியைத் தனி அத்தியாயமாகத்தான் எழுத வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் குடித்த ஆடுகளுக்கெல்லாம் பச்சைத் தாடி. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அலசப்போட்ட வெள்ளை வேட்டி கட்சி வேட்டியைப்போல ஆகிவிட்டது, அவர் எந்தக் கட்சியிலும் இல்லாதவர். வாட்ஸ்அப்பில் 'ஊரைச் சூழ்ந்த மர்மப் பச்சை நீர்' என்று படம் போட்டுவிட்டார்கள். துபாயிலிருந்து என் கொழுந்தன் போன் செய்து, தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று என்னையே எச்சரித்தார்.

ஆனால் பாலத்தின் அந்தப் பக்கம் நின்ற ஆளுக்குப் பச்சை வந்து சேரவே இல்லை. வந்தது எங்கள் குழிக்குத்தான்.

சந்தோஷம் நின்ற இடம்

என் கணவர் ஓவர்சியரின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்த இடத்தில் விட்டேன் அல்லவா? மேடம் குழியிலிருந்து பார்வையை எடுத்து, அடுப்பைப் பார்த்தார். பிறகு அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவரைப் பார்த்தார்.

"பாய், பழைய வாய்க்கால் உங்க அடுப்புக்கு அடியிலதான் போகுது" என்றார்.

என் கணவரின் முகத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சொன்னது உள்ளே போய்ச் சேராததால்தான் இருந்தது.

ஓவர்சியர் மெதுவாக விளக்கினார். எந்தக் காலத்திலோ வாய்க்கால் தூர்ந்து மேடாகியிருக்கிறது. மாமனார் வாங்கும்போது அது வெறும் மேட்டு நிலம், முறையான பத்திரம். பிற்பாடு ரோடு போட்டவர்கள் பாலத்தைச் சற்றுத் தள்ளிக் கட்டிவிட்டார்கள். தண்ணீர் தன் பழைய தடத்தையே தேடி வருகிறது. பழைய தடத்தைத் திறந்து சிமெண்டு வாய்க்கால் கட்டினால் தெரு முழுக்கப் பிழைக்கும். சுற்றிப் போக இரண்டு பக்கமும் வீடுகள், இடமில்லை. திறக்க வேண்டும் என்றால் அடுப்பை எடுக்க வேண்டும்.

அடுப்பைக் காப்பாற்றத்தான் மனு கொடுத்தோம். மனுவுக்குக் கிடைத்த பதில், அடுப்பை எடுங்கள். எடுத்துவிட்டால் மிஞ்சுவது முன்பக்கம் கல்லா மேஜை போடுகிற இடம்தான். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஒங்களைக் கூப்பிட்டதே நாங்கதான் மேடம்! திருடன் வந்துட்டான்னு போலீசைக் கூப்பிட்டா, வீட்டுக்காரனைப் புடிச்சுட்டுப் போற மாதிரில்ல இருக்கு?"

மேடம் கோபப்படவில்லை. பக்கத்தில் கிடந்த மைதா மூட்டையின்மேல் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"நீங்க சொல்றது சரிதாங்க அக்கா. உங்க இடத்துல நான் இருந்தா இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துத் திட்டியிருப்பேன். கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போற வேலையை நான் செய்ய மாட்டேன். தீபாவளி முடிஞ்சிருச்சு. கிறிஸ்துமஸ் இருக்கு, நோன்புப் பெருநாள் இருக்கு. அதெல்லாம் முடியட்டும். அடுத்த மழைக்கு முன்னாடி போதும். இடத்துக்கு நஷ்டஈடு கேட்டு எழுதுறேன், அது எப்ப வரும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

என் கணவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டிருந்தார். பச்சைத் தண்ணீர் அவர் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நான் எங்க போயி நிக்கிறது மேடம்?" என்று கேட்டார்.



மோட்டார் ரூம்

அந்தக் கேள்விக்குப் பதிலைச் சில வாரங்கள் கழித்து மேடமே கொண்டுவந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குடிநீர்த் தொட்டி நிற்கிற மேட்டில் ஒரு பழைய மோட்டார் ரூமும், அதை ஒட்டி ஒரு பெரிய ஷெட்டும் பூட்டியே கிடந்தன. ஊரிலேயே உயரமான இடம். அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறினால் மாவட்டமே மூழ்கியிருக்கும்.

"வாடகைக்கு விடலாம்னு மன்றத்துல தீர்மானம் போட்டாச்சு. ஆனா உங்களுக்குன்னு எடுத்துத் தர எனக்கு அதிகாரம் கிடையாது. பொது ஏலம்தான். யார் வேணாலும் கேட்கலாம். நான் ஒரு பக்கம் சாய மாட்டேன், அதையும் இப்பவே சொல்லிடறேன்" என்றார்.

யார் கேட்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். சிதம்பரம் அண்ணன்.

பஸ் ஸ்டாண்டு எதிரே பெரிய ஸ்வீட் ஸ்டால் அவருடையது. எங்களுக்கும் அவருக்கும் பகை என்று சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் தேங்காய் பன் போட்டால் அவர் தேங்காய் பர்பிக்குத் தள்ளுபடி போர்டு வைப்பார். நாங்கள் ஒரு டியூப் லைட் போட்டால் அவர் வாசலில் ஓடுகிற விளக்கு போடுவார். வெளியூர்க் கம்பெனி ரொட்டியைப் பாக்கெட் பாக்கெட்டாகத் தோரணம்போலத் தொங்கவிட்டிருப்பார். அந்த மோட்டார் ரூமைக் குடோனுக்குக் கேட்டு அவர் பல வருஷமாக நடையாய் நடந்தது ஊருக்கே தெரியும். அவர் வாய் திறந்தால் எங்களால் தாங்க முடியாது.

ஏலம் கேட்பவர்கள் முன்கூட்டியே பணம் கட்டிப் பெயர் கொடுக்க வேண்டும். டேவணி என்பார்கள். முதல் ஆளாக என் கணவர் கட்டினார். மறுநாள் சிதம்பரம் அண்ணன் கட்டினார் என்று செய்தி வந்தது. அதற்கு மறுநாள் ஹார்டுவேர் கடைக்காரரும், கூல்டிரிங்ஸ் ஏஜென்சிக்காரரும் கட்டியிருந்தார்கள்.

நோன்பு மாதம். அன்று நோன்பு திறக்க உட்கார்ந்தபோது என் கணவர் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். நான் நோன்பு வாயோடு யாரையும் திட்டக்கூடாது என்று பகலெல்லாம் பொறுத்திருந்தேன். பாங்கு சொன்னதும் ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு ஆரம்பித்துவிட்டேன். சேறு அள்ள வந்த ஊர், இடம் என்றதும் வரிசையில் நிற்கிறதே என்று அழுதேன்.

"விடு. அவங்களும் யாவாரிங்கதானே" என்றார் அவர்.

மூன்றாம் தரம்

ஏலம் பேரூராட்சி மன்றக் கூடத்தில் முற்பகலில் நடந்தது. மேடத்தைத் தவிரப் பெண்கள் யாரும் வரவில்லை, நான் போனேன். ஆரோக்கியம் மாஸ்டர் எனக்குப் பக்கத்தில் ஜெபமாலையைச் சட்டைப் பைக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். சிதம்பரம் அண்ணன் முன்வரிசையில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

நிபந்தனைகளைக் கிளார்க் வாசித்து முடித்தார். ஆரம்ப வாடகையைச் சொன்னார். என் கணவர் எழுந்தார். நோன்பு வைத்திருந்ததால் வாய் உலர்ந்து, இரண்டு தடவை முயன்ற பிறகுதான் சத்தம் வந்தது. ஆரம்ப வாடகைக்குமேல் கொஞ்சமே கொஞ்சம் கூட்டிச் சொன்னார். அதற்குமேல் எங்களிடம் தெம்பில்லை.

"பேக்கரி பாய் கேட்டது... ஒரு தரம்" என்றார் கிளார்க்.

ஹார்டுவேர் கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூல்டிரிங்ஸ்காரர் செல்போனைத் துடைத்தார். நான் சிதம்பரம் அண்ணனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு தரம்."

கிளார்க்குக்கே பொறுக்கவில்லை. "அண்ணே, நீங்க கேக்கலியா?" என்றார்.

சிதம்பரம் அண்ணன் தொண்டையைத் தடவிக்கொண்டார். "தொண்டை கட்டியிருக்கு தம்பி. நேத்துலருந்து பேச்சே வரல" என்று நல்ல கணீர்க் குரலில் சொன்னார்.

யாரோ சிரித்தார்கள். மேடம் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. விதிப்படி எல்லோருக்கும் நேரம் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் காத்திருந்தார். அந்தக் கூடத்தில் அவ்வளவு ஆண்கள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"மூணு தரம்."

ஆரோக்கியம் மாஸ்டர்தான் முதலில் அழுதார். அவரைப் பார்த்து நான். என் கணவர் உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை. கையெழுத்துப் போடக் கிளார்க் மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் சிதம்பரம் அண்ணன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தார். நான் போய் வழியில் நின்றேன்.

"அண்ணே, வாயத் தொறக்காம இருக்கிறதுக்கா பணம் கட்டுனீங்க?"

"ஒரே ஆளு வந்தா ஏலத்தைத் தள்ளி வச்சிருவாங்க தங்கச்சி. அப்புறம் பேப்பர்ல போடுவாங்க. வெளியூர்க்காரன் எவனாச்சும் வந்து தூக்கிட்டுப் போயிருவான். அதான் நாங்க மூணு பேரும் கூடிப் பேசிப் பேரக் கொடுத்தோம். கட்டுன பணம் எங்களுக்குத் திரும்பி வந்துரும், விடுங்க."

"ஒங்களுக்குக் குடோன் வேணுமில்லண்ணே?"

"வேணுந்தான். சீனி மூட்டைய எங்க வேணா அடுக்கலாம். ரொட்டிய எங்க வேணா சுட முடியுமா?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "எங்க வீட்டுல ஒங்க கடை ரொட்டிதான். ஆளு விட்டுத்தான் வாங்கிட்டு வரச் சொல்றது. என் கடையில பாக்கெட்டுல தொங்குதே, அத மனுசன் திம்பானா?" என்றார்.

எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தன. அதற்குள் என் கணவர் வந்துவிட்டார். சிதம்பரம் அண்ணனின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே நின்றார். வெகு நேரம் விடவில்லை.

"கைய விடுங்க பாய்" என்றார் சிதம்பரம் அண்ணன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "கடையில ஆளு இல்ல."